அடைப்பானுக்குச் சீனி உருண்டை

எங்கள் வீட்டில் நாலு வருஷம் காப்பி கிடையாது. பெருங்காயம் கிடையாது. சாமி கும்பிட்டால் கற்பூரத்தைக் கொல்லையில் கொளுத்திவிட்டு, புகை அடங்கிய பிறகுதான் உள்ளே வர வேண்டும். இத்தனைக்கும் காரணம் ஒரு மரப்பெட்டி. என் வீட்டுக்காரர் கல்கத்தாவிலிருந்து வி.பி.பி. தபாலில் வரவழைத்தது. உள்ளே வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், குப்பிக்குள் கடுகுப் பருமனில் வெள்ளைச் சீனி உருண்டைகள். ஹோமியோபதி. கற்பூர வாசனை பட்டால் மருந்தின் சக்தி ஓடிப்போய்விடும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம். ஒரு வாசனைக்கே ஓடிப்போகிற சக்தி என்ன பெரிய சக்தி என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கொட்டாம்பட்டியில் பத்திரம் எழுதுகிற வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மனிதரும் நல்லவர். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த நல்ல குணமும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நான் என்றைக்கோ முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

வைத்தியத்துக்கு அவர் கைநீட்டி எதுவும் வாங்கியதில்லை. பேதி, காய்ச்சல், பிள்ளைகளின் சளி என்று காலையில் நாலைந்து பேர் வந்து நிற்பார்கள். தாகம் எடுக்கிறதா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய், இடி இடித்தால் பயமா என்று வரிசையாகக் கேட்பார். ‘வயித்து வலிக்கு வந்தவளை இடிக்குப் பயமான்னு கேட்டா அவ என்னத்தச் சொல்லுவா’ என்று நான் அடுப்படியிலிருந்து முணுமுணுப்பேன். ஆனால் ஒன்று. அந்தப் பெண்களை அதுவரை யாரும் உட்கார வைத்து எதுவும் கேட்டதில்லை. கேட்ட மாத்திரத்திலேயே பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும். மீதியை உருண்டை பார்த்துக்கொண்டதோ, நாள் பார்த்துக்கொண்டதோ, யார் கண்டது.

பத்திரம் எழுதுகிற இடத்தில் அவரைச் ‘சீனி டாக்டர்’ என்று கேலி பண்ணுவார்கள். சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஐப்பசி மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், பக்கத்துக் கிராமத்திலிருந்த என் தம்பியின் உழவு மாடுகளில் ஒன்று கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயந்திரம் வரை உழுத மாடு. வயிறு உப்பியிருந்தது. மூக்கிலும் பின்புறத்திலும் கறுப்பாக ரத்தம் வடிந்து, உறையாமல் அப்படியே நின்றது. பார்த்தவுடன் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அடைப்பான் என்று. மாட்டுக்கு வருகிற நோய்களிலேயே பொல்லாதது அதுதான். வைத்தியம் பார்க்க நேரமே கொடுக்காது.

அடைப்பானில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் யுத்த காலத்தில் தோலுக்குக் கிராக்கி. புதைத்த மாட்டைத் தோண்டித் தோலை உரித்துக்கொண்டு போவதும் அங்கங்கே நடந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. குழியில் இறக்கும் முன் தோலை அரிவாளால் நாலைந்து இடத்தில் நீளமாகக் கீறிவிடுவார்கள். கிழிந்த தோலை எவனும் வாங்க மாட்டான், ஆகவே எவனும் தோண்ட மாட்டான். நல்ல யோசனை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உள்ளே கிடக்கிற விஷத்தை நம் கையாலேயே வெளியே திறந்துவிடுகிறோம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

தம்பி அந்த அரிவாளை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. அவன் கன்றிலிருந்து வளர்த்த மாடு. அழுதுகொண்டே அவனே கீறினான். முழங்கை வரை தெறித்த ரத்தத்தை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நாலாம் நாள் அவன் முன்கையில் கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு. அரித்தது. மறுநாள் அதைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அதற்கு மறுநாள் நடுவில் கறுத்து, அடுப்புக்கரியை ஒட்டி வைத்தது போல ஆகிவிட்டது. கையைச் சுற்றி வீக்கம். ஆனால் வலி இல்லை. அழுத்தினாலும் இல்லை. “வலிச்சாத்தானக்கா பயப்படணும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தவுடன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த விஷம் நோயைத் தருகிறதோ, அதையே இருக்கிற இடம் தெரியாத அளவுக்குக் கரைத்துக் கொடுத்தால் நோயைத் தீர்க்கும் என்பது அவருடைய சாஸ்திரம். அடைப்பானில் செத்த பிராணியின் மண்ணீரலிலிருந்து எடுத்துக் கரைத்துக் கரைத்துச் செய்த மருந்து ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. அதை ஒரு வேளையும் பாஷாணத்தில் செய்த இன்னொன்றை ஒரு வேளையுமாகக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். மச்சினன் கை கறுத்துக் கிடக்கிறது, இவருக்குச் சரியான குப்பி கிடைத்த சந்தோஷம். கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் வேண்டுமென்றே பெருங்காயத்தைப் போட்டேன்.

இரண்டு நாளில் வீக்கம் முழங்கையைத் தாண்டி ஏறியது. அக்குளில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. காய்ச்சலும் கண்டுவிட்டது. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன் என்று இருந்தவர்கள். அவனுக்குத் தை மாதம் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது.

மாடு புதைத்த குழியைப் பார்க்க மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் வந்திருந்தார். அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். மதுரையில் தோல் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இதே கட்டி கழுத்திலும் தோளிலும் வரும், அதற்கு ஊசி போடுகிற டாக்டர் ஒருவர் மேல மாசி வீதிப் பக்கம் ஒரு தெருவில் இருக்கிறார் என்று சொன்னார். தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

கல்யாணத்துக்குத் துணி பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் பொய் சொன்னேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். அந்த டாக்டர் வீட்டு வாசலைப் பார்த்ததும் தம்பி நடுத்தெருவிலேயே நின்றுவிட்டான். ‘மேக வியாதிகளுக்கு ஊசி போடப்படும்’ என்று பெரிய எழுத்தில் போர்டு. கண்ட இடத்துக்குப் போகிற ஆண்களுக்கு வருகிற வியாதி அது. அடைப்பானுக்கும் அதே பாஷாண ஊசிதான் என்பது உள்ளே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெண் வீட்டாரின் மாமன் ஒருவருக்கு அதே தெருமுனையில் கடை. கல்யாணம் நிச்சயமானவன் அந்தப் படி ஏறுவதை அவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தானையால் அவன் தலையை மூடாத குறையாக இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் கட்டியைத் தொடவில்லை. கீறக் கூடாது, கீறினால் விஷம் உடம்பெங்கும் பரவும் என்றார். அசல் சீரம் யுத்தத்தினால் கிடைக்கவில்லை, இந்த ஊசியைத்தான் நம்ப வேண்டும் என்றார். நரம்பில் போட்டார். சில நாள் இடைவெளியில் மூன்று ஊசி. மூன்று தடவை துணி பார்க்கப் போனோம். துணியே வாங்காமல் திரும்பியதை என் வீட்டுக்காரர் ஒரு தடவை கூடக் கவனிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, எம்மேல ஆணை. இந்த ஊசி விசயம் மச்சானுக்குக்கூடத் தெரியக் கூடாது. அவரு யாருக்கிட்டயாச்சும் வெள்ளந்தியாச் சொல்லிப்புடுவாரு.” அது உண்மைதான். அவர் வயிற்றில் எதுவும் தங்காது. சரி என்று தலையாட்டினேன்.

வீக்கம் வடிந்தது. கறுத்த பொருக்கு சில வாரத்தில் உதிர்ந்து, குழியாக ஒரு தழும்பு நின்றது. மதுரை டாக்டரின் ஊசி எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். மற்ற எல்லாருக்கும் அது சீனி உருண்டை. கத்தியில்லாமல், ஊசியில்லாமல் அடைப்பான் கட்டியை இறக்கிய கை என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. பத்திரம் எழுதுகிற இடத்தில் கேலி நின்றது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தன் மனைவியின் இழுப்புக்கு மருந்து கேட்டு ஆள் அனுப்பினார். என் வீட்டுக்காரர் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டார், நடையே மாறியது. அதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆணை, ஆணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், வாயை மூடிக்கொண்டதில் அந்தச் சந்தோஷத்துக்கும் பங்கு உண்டு. அதை இப்போது மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதன் பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒரு சந்தை நாளில் மதுரைத் தோல் வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ராவுத்தர். ஊர் ஊராகப் போய் உப்புப் போட்ட தோல் வாங்கி, வண்டியில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்புகிறவர். ஆள் கிடைக்காத இடத்தில் தோல் கட்டைத் தானே தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வாராம். கழுத்தில், காதுக்குக் கீழே, அதே கரிக்கட்டி. சுற்றிலும் கழுத்து தடித்துச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தது. வலி இல்லை என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊசி இல்லாமல் இதைக் குணமாக்குகிறவர் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மதுரையிலிருந்து இதற்காகவே வந்ததாகச் சொன்னார்.

கண் முன்னால் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் வீட்டுக்காரர் அவரை எங்கள் முன் அறையிலேயே தங்கச் சொன்னார். தோல் வியாபாரியை வீட்டுக்குள் படுக்க வைக்கிறதாவது என்று உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்ணீரல் மருந்து ஒரு வேளை, பாஷாண மருந்து ஒரு வேளை. அதே வரிசை. மச்சினனுக்குக் கேட்டது இவருக்குக் கேட்காதா என்று என்னிடம் சொன்னார்.

அவ்வளவு தூரம் நம்பிக்கையாக அவர் சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாசலில் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தம்பி பெண்டாட்டி அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். இப்போது ஊசிக் கதை வெளியே வந்தால், அந்த வீட்டில் என்ன புகையுமோ என்று ஒரு யோசனை. இவர் முகம் எப்படி வாடிப்போகும் என்று ஒரு யோசனை. ஒருவேளை உருண்டையே கேட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஒரு நாள் பார்ப்போமே என்று நினைத்தேன். அந்த ஒரு நாளை நான்தான் கொடுத்தேன், என்னுடையதாக இருந்தால் பரவாயில்லை, அது அந்த மனிதருடைய நாள்.

மறுநாள் காலையில் ராவுத்தரின் முகமே மாறியிருந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. கஞ்சி விழுங்க முடியவில்லை, மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கீழே வைத்தேன்.

“தம்பிக்கு உங்க மருந்துல சரியாகல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். “எத்தன ஊசி?” என்று கேட்டார்.

“மூணு.”

“மொத ஊசி எந்தக் கிழம?”

சொன்னேன். அவர் மனசுக்குள் நாள் கணக்குப் போடுவது தெரிந்தது. வீக்கம் வடிய ஆரம்பித்தது எந்த நாளோ, அதற்கு முந்தின நாள் அது. கணக்கு முடிந்ததும் எழுந்து சட்டையை மாட்டினார். பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடின பஸ்கள். பின்னால் ஒரு பெரிய உலை, அதில் கரியைப் போட்டு விசிறி சுற்ற வேண்டும். சாதாரண நாளிலேயே மேட்டில் நின்றுவிடும். அன்றைக்கு மேலூர் போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை நின்றதாம். இரண்டு தடவையும் என் வீட்டுக்காரரே இறங்கி விசிறி சுற்றியிருக்கிறார். மதுரையில் அதே டாக்டர். ஊசி போட்டார். கழுத்து வீக்கம் மூச்சுக் குழலை நெரித்துவிட்டது, நேற்று வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றாராம். மறுநாள் விடிவதற்குள் ராவுத்தர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் அடக்கம் முடியும் வரை கூட இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். ராவுத்தருடைய வீடு அந்த டாக்டர் இருந்த தெருவுக்கு அடுத்த தெரு. அதையும் இவர்தான் வந்து சொன்னார், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், ஆறியிருக்கும். ஒரே ஒரு தடவை, ரொம்ப நாள் கழித்து, “அவரு போட்டதும் பாஷாணம், நான் குடுத்ததும் பாஷாணம். என்னோடதுல பாஷாணம் பேருக்குத்தான் இருந்திருக்கு” என்று தானாகச் சொன்னார். அந்த ஆடிக்குப் பிறகு அவர் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. காப்பி குடிக்க ஆரம்பித்தார்.

பல வருஷம் கழித்து எங்கள் உறவில் ஒரு பையன் டாக்டருக்குப் படித்தான். அவனிடம் இதைக் கேட்டேன். அடைப்பான் கிருமி மண்ணுக்குள் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும், ரத்தம் காற்றுப் பட்டால்தான் அது அப்படி ஓடு கட்டிக்கொள்ளும், அதனால்தான் செத்த மாட்டில் கத்தியே வைக்கக் கூடாது என்றான். இப்போது பெனிசிலின் இருக்கிறது, ஆரம்பத்திலேயே போட்டால் பிழைத்துக்கொள்ளலாம், மாட்டுக்குத் தடுப்பூசியும் உண்டு என்றான். அதோடு இன்னொன்றும் சொன்னான். கையில் வருகிற இந்தக் கட்டி, மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குத் தானாக ஆறிவிடுமாம். கழுத்திலும் முகத்திலும் வந்தால்தான் ஆபத்து அதிகம். ஆக, தம்பியை உருண்டையும் காப்பாற்றியிருக்க வேண்டியதில்லை, ஊசியும் காப்பாற்றியிருக்க வேண்டியதில்லை. ராவுத்தர் முதல் நாளே ஊசி போட்டிருந்தாலும் போயிருக்கலாம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அந்தப் பிள்ளை சொன்னான். நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன். ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

ஏனென்றால் அதற்கெல்லாம் முன்னாலேயே, ராவுத்தர் இறந்த அதே வருஷம் கார்த்திகையில், அவருடைய சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் போன பிறகு நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கிற இத்தா முடிந்து அவள் கிளம்பின முதல் பயணம் அது. என்னைவிட வயதில் சின்னவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, அதற்குக் கக்குவான் இருமல். என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். பாயைப் போட்டு உட்கார வைத்தேன்.

கடைசி வரை கூட இருந்து பார்த்தவர், பஸ்ஸுக்கு விசிறி சுற்றியவர், மையத்து எடுக்கிற வரை நின்றவர் என்று என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாள். கூடப் பிறந்தவன் செய்கிற மாதிரி செய்தார் என்றாள். ஐயா பார்த்தும் உயிர் நிற்கவில்லை என்றால் அது அல்லா எழுதின நசீபு, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றாள். குழந்தைக்கும் ஐயா கையால் இரண்டு உருண்டை வாங்கிப் போகலாம் என்று வந்தாளாம்.

என்னால் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியின் கை, மூன்று ஊசி, துணி எடுக்கப் போன பொய், ஊருக்கு நான் சொல்லாமல் விட்டது, அவள் புருஷன் முன் அறையில் படுத்திருந்த அந்த ஒரு நாள். அழுகை வந்தது, அதையும் அடக்காமல்தான் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. நாலு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

அவள் அழவில்லை. குழந்தை இருமி முடிக்கிற வரை அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நான் அந்த ஊசி டாக்டர்கிட்டத்தான் போகச் சொன்னேன்” என்றாள். “ஊசியே இல்லாம ஒருத்தருக்குச் சரியாயிருக்குடி, அங்க போறேன்னு அவுகதான் சொன்னாக. நானும் சரின்னு சோறு கட்டிக் குடுத்து அனுப்பிவிட்டேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நசீபுன்னு நெனச்சு இருந்தேன், அக்கா. அம்புட்டு நாளும் அப்பிடித்தான் தூங்குனேன். உங்க பாரத்த இங்கன எறக்கி வச்சிட்டீக. இனி நான் இத எங்க கொண்டு போயி எறக்குவேன்?”

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நீட்டிய மோரைக்கூட வாங்காமல், அவள் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.